கிணறும் கிடங்கும்

நுழையும்முன்

போர்களைப் பற்றியும் அரண்மனைகளைப் பற்றியும் எழுதப்பட்ட நூல்கள் பல. படைவீரர் குடித்த நீர் எங்கிருந்து வந்தது, அவர்களுக்குச் சோறு எங்கே வெந்தது, வெடிமருந்து எந்தச் சுவருக்குள் உறங்கியது என்று கூறும் நூல்கள் மிகச் சில. அவற்றைக் கூற வேண்டிய கட்டடங்களும் ஒவ்வொன்றாய் மறைந்து வருகின்றன. அக்கட்டடங்களை அளந்தும் வரைந்தும் பதிவு செய்யும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

*

திருவனந்தபுரத்துப் பேருந்தில் நடத்துநர் ‘பாளையம், பாளையம்’ என்று குரல் கொடுக்கும்போது, தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய வீட்டுப் பிள்ளைக்கு அச்சொல் அயற்சொல்லாக ஒலிப்பதில்லை. மேட்டுப்பாளையம், கோபிசெட்டிபாளையம், உத்தமபாளையம், பாளையங்கோட்டை எனத் தமிழ்நிலம் எங்கும் அது ஊர்ப்பெயராய் நிற்கிறது. படை தங்கும் இடமே பாளையம். திருவனந்தபுரத்துப் பாளையமும் அவ்வாறு பெயர் பெற்றதே. அதன் அருகிலுள்ள காவல் நிலையம் இன்றும் ‘கண்டோன்மெண்ட்’ காவல் நிலையம் என்றே வழங்கப்படுகிறது. கேரள எதிர்க்கட்சித் தலைவர் குடியிருக்கும் மாளிகைக்கும் ‘கண்டோன்மெண்ட் இல்லம்’ என்பதே பெயர்.

ஆனால் அங்கே இன்று பாசறை இல்லை. சந்தையும் சாலையும் விளையாட்டரங்கமும் சட்டமன்றமும் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. அந்தப் படையினரின் நினைவாக எஞ்சியவற்றுள் ஒன்று பாளையம் பள்ளிவாசல். 1813ஆம் ஆண்டில் அங்கே நிறுத்தப்பட்டிருந்த படைப்பிரிவினர் தாங்கள் தொழுவதற்கென எளிய பள்ளிவாசல் ஒன்றை எழுப்பினர். ஒரு படைப்பிரிவு இடம்மாறிச் செல்ல, அடுத்து வந்த பிரிவு அதனை ஏற்றுப் பேணியது. பின்னாளில் அது பெரிதாகக் கட்டப்பட்டு, 1967இல் குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் அவர்களால் திறந்து வைக்கப்பட்டது.

வழிபட்ட இடம் நின்றது, பெயர் நின்றது. அவ்வீரர்கள் நீர் இறைத்த கிணறு, சோறு சமைத்த கூடம், குதிரைகளைக் கட்டிய லாயம், துணி வெளுத்த துறை, வெடிமருந்து வைத்த அறை ஆகியவற்றை எண்ணிப் பார்ப்பவர் அரியர். இவை இன்றி எந்தப் படையும் ஒரு நாள்கூடத் தங்கியிருக்க முடியாது. ஆயினும் ஒரு பாசறை கலையும்போது முதலில் இடிபடுபவை இவையே. கோயிலை இடிக்கக் கை தயங்கும். அடுப்படியை இடிக்க எவர் தயங்குவார்?

பணிக்கட்டடங்கள்

ஒரு படைத்தளத்தில் அழகுக்காகவோ பெருமைக்காகவோ அன்றி, அன்றாட வேலை நடப்பதற்காகவே கட்டப்பட்டவற்றைப் பணிக்கட்டடங்கள் எனலாம். பம்ப் அறை, மேல்நிலைத் தொட்டி, ஜெனரேட்டர் அறை, தானியக் கிடங்கு, வண்டிப் பட்டறை, சலவைக்கூடம் போன்றவை இவ்வகையின. இவற்றின் முகப்பில் சிற்பம் இராது; திறந்து வைத்தவர் பெயர் பொறித்த கல்லும் பெரும்பாலும் இராது. ஆனால் கூர்ந்து நோக்குவோருக்கு இவற்றின் ஒவ்வோர் உறுப்பும் ஏதேனும் ஒரு செய்தியைக் கூறும்.

வெடிமருந்துக் கிடங்கை எடுத்துக்கொள்வோம். பழைய கிடங்குகள் வீரர் குடியிருப்பிலிருந்து விலகித் தனித்தே நிற்கும். சுவர் மிகத் தடித்திருக்கும். கூரை பெரும்பாலும் வளைவாகக் கட்டப்பட்டிருக்கும். மேலிருந்து விழும் குண்டைத் தாங்குவதற்காக அவ்வாறு செய்தனர். வெடிமருந்து ஈரம் பட்டால் பயனற்றுப் போகும்; ஆதலால் காற்று உள்ளே செல்ல வேண்டும். ஆனால் காற்றோடு ஒரு தீப்பொறி புகுந்தாலும் கிடங்கே வெடித்துச் சிதறும். இவ்விரு தேவைகளையும் ஒருங்கே நிறைவேற்றக் கொத்தர்கள் ஒரு வழி கண்டனர். சுவரில் விட்ட காற்றுத் துளையை நேராக விடாமல், நடுவில் ஒரு திருப்பம் வைத்துக் கட்டினர். காற்று வளைந்து செல்லும். பறந்து வரும் பொறி திருப்பத்தில் மோதி அவிந்துவிடும். கதவின் கீல்களுக்கும் ஆணிகளுக்கும் இரும்புக்கு மாற்றாகச் செம்பையோ வெண்கலத்தையோ கையாண்டனர். இரும்பு உரசினால் பொறி பறக்கும் அல்லவா? உள்ளே செல்வோர் ஆணி அடித்த காலணியைக் கழற்றிவிட்டு மெல்லிய செருப்பை அணிந்து செல்வதும் வழக்கம்.

இவ்வளவு அச்சம் எதற்கு என்று கேட்பவருக்கு டெல்ஃப்ட் நகரின் கதை விடை கூறும். நெதர்லாந்து நாட்டிலுள்ள அந்நகரில் 1654ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் வெடிமருந்துக் கிடங்கு ஒன்று வெடித்தது. நகரின் ஒரு பகுதி தரைமட்டமாயிற்று. கரெல் ஃபாப்ரீட்டியஸ் என்னும் புகழ்பெற்ற ஓவியரும் அதில் உயிரிழந்தார். அவருடைய ஓவியங்கள் பலவும் அவரோடு அழிந்தன. தடித்த சுவரும் வளைந்த துளையும் தனித்து நின்ற இடமும் அத்தகைய இழப்புகளிலிருந்து மனிதர் கற்றுக்கொண்ட பாடங்கள். கிடங்கை அளக்காமல் இடித்துவிட்டால், அந்த அறிவு கட்டடத்தில் எவ்வாறு வடிவம் பெற்றிருந்தது என்பதை அறிய வழியில்லாமல் போகும்.

ஏழு கிணறு

சென்னையில் ஏழு கிணறு என்றொரு பகுதி உண்டு. அங்கே வாழ்வோருள்ளும் பெயரின் காரணம் அறியாதவர் இருக்கக்கூடும். அப்பெயரின் பின்னே இருப்பது ஒரு கோட்டையின் தாகம்.

புனித ஜார்ஜ் கோட்டை கடலோரத்தில் நிற்கிறது. அத்தகைய இடத்தில் நல்ல குடிநீர் எளிதிற் கிடைப்பதில்லை. 1758ஆம் ஆண்டின் இறுதியில் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையை முற்றுகையிட்டார். அடுத்த ஆண்டு பிப்ரவரி வரை அம்முற்றுகை நீடித்தது. மதில் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் உள்ளே இருப்பவருக்கு நீர் இல்லையேல் கோட்டை நிலைக்காது. 1772இல் கேப்டன் பேக்கர் என்பவரின் திட்டப்படி, கோட்டைக்கு வடக்கே பத்துக் கிணறுகள் வெட்டப்பட்டன. அவற்றுள் ஏழே நன்கு பயன்பட்டன. அவற்றின் நீர் குழாய்கள் வழியே கோட்டைக்குச் சென்றது. சென்னை நகரில் குழாய்வழிக் குடிநீர் என்பதன் தொடக்கமாகவே இதனைக் கருதுகின்றனர்.

கோட்டையின் மதில்களையும் தேவாலயத்தையும் காண நாள்தோறும் மக்கள் வருகின்றனர். கோட்டையை உயிரோடு வைத்திருந்த கிணறுகளைத் தேடிச் செல்வோர் எத்தனை பேர்? பாளையத்தைப் போலவே இங்கும் பெயர்தான் பெருஞ்சான்றாய் நிற்கிறது.

உதயகிரியின் உலை

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில், பத்மநாபபுரத்துக்கு அண்மையில், புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை உள்ளது. தனித்து நிற்கும் ஒரு குன்றைச் சூழ்ந்து பெருங்கற்களால் எழுப்பிய மதில். உள்ளே ஏறத்தாழ 90 ஏக்கர் நிலம். 1741இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர்ப் படை டச்சுக்காரர்களை வென்றது. அப்போது சிறைப்பட்ட டி லனாய் என்பவர் பின்னர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் படைத்தலைவர்களுள் ஒருவரானார். ‘வலிய கப்பித்தான்’ என்று மக்கள் அவரை அழைத்தனர். அவருடைய மேற்பார்வையில் உதயகிரிக் கோட்டை திருத்திக் கட்டப்பட்டது. திருவிதாங்கூர்ப் படையின் முதன்மையான தளமாக அது விளங்கியது.

அக்கோட்டைக்குள் துப்பாக்கிகளும் பீரங்கிகளும் குண்டுகளும் செய்வதற்கென ஒரு வார்ப்படச் சாலை இயங்கியது. உலோகத்தை உருக்கும் உலை, வார்ப்பு அச்சுகள் செய்யும் இடம், கரி குவிக்கும் களம், ஆறவைத்துத் தேய்க்கும் பட்டறை என எத்தனையோ வேலைகள் நடந்தால்தான் ஒரு பீரங்கி உருவாகும். ஆனால் இன்று கோட்டைக்கு வருவோரின் கண்கள் முதலில் தேடுவது 1777இல் மறைந்த டி லனாயின் கல்லறையைத்தான். அங்கே தமிழிலும் இலத்தீனிலும் பொறித்த எழுத்துகள் உள்ளன. அவை தளபதியைப் பற்றிப் பேசுகின்றன. உலை ஊதியவரைப் பற்றிப் பேசவில்லை. உலை ஊதியவரை அறிய வேண்டுமாயின், அவர் நின்ற தரையையும் கரிபடிந்த கல்லையும் உருகி உறைந்த உலோகக் கசடையும்தான் கேட்க வேண்டும். பணிக்கட்டடத்தைப் பதிவு செய்வது என்பது ஒருவகையில், பெயர் எழுதப்படாதவர்களின் வரலாற்றை எழுதுவதாகும்.

பதிவு செய்யும் முறை

1933ஆம் ஆண்டில் அமெரிக்காவைப் பெரும் பொருளாதார வீழ்ச்சி வாட்டியது. புதுக் கட்டடங்கள் எழவில்லை; கட்டடக் கலைஞர்கள் வேலையின்றித் தவித்தனர். சார்லஸ் பீட்டர்சன் என்னும் அரசு அலுவலர், அவர்களைக் கொண்டே நாட்டின் பழைய கட்டடங்களை அளந்து வரையலாம் என்று ஒரு திட்டம் தந்தார். பசியாற்ற வந்த திட்டம் அழியாத செல்வமாயிற்று. 1969இல் பாலங்கள், ஆலைகள், மின்நிலையங்கள் போன்றவற்றைப் பதிவு செய்யும் தனிப்பிரிவும் தொடங்கியது. படைத்தளங்களின் கிடங்குகளும் கொதிகலன் கூடங்களும் பட்டறைகளும், இடிக்கப்படுமுன் இவ்வாறு பதிவு பெற்றன. அவ்வரைபடங்கள் அந்நாட்டு நாடாளுமன்ற நூலகத்தில் எவரும் காணும் வண்ணம் வைக்கப்பட்டுள்ளன. இந்தியாவில் 1861இல் தொல்லியல் அளவைப் பணியைத் தொடங்கிய அலெக்சாண்டர் கன்னிங்காமும் படைப் பொறியாளரே என்பது இங்கு நினைக்கத்தக்கது.

பதிவுக்கு மூன்று வகை வரைபடங்கள் தேவை. மேலிருந்து பார்த்தாற்போல் அறைகளையும் சுவர்களையும் காட்டுவது தரைப்படம். எதிரே நின்று பார்த்தாற்போல் சுவரின் வெளித்தோற்றத்தைக் காட்டுவது முகப்புப்படம். கட்டடத்தைக் கத்தியால் செங்குத்தாக அறுத்தாற்போல் உட்புறத்தைக் காட்டுவது வெட்டுமுகப்படம். கிடங்கின் காற்றுத் துளையில் உள்ள திருப்பம் முகப்புப்படத்தில் தெரியாது. துளை வழியாகக் கட்டடத்தை அறுத்துப் பார்க்கும் வரைபடத்தில்தான் தெரியும்.

இதற்குப் பெரிய கருவிகள் வேண்டுவதில்லை. டேப், ஒரு மீட்டர்க் கோல், நூல்குண்டு, திசைகாட்டி, கோடிட்ட தாள் ஆகியவை போதும். ஒரு பம்ப் அறையின் வெளி அகலம் 6.2 மீட்டர், உள் அகலம் 5 மீட்டர் என்று கொள்வோம். இரண்டிற்கும் உள்ள வேறுபாடு 1.2 மீட்டர். எதிரெதிர்ச் சுவர்கள் ஒரே அளவினவாயின் ஒவ்வொன்றின் தடிப்பும் 60 சென்டிமீட்டர். சுவரைத் துளைக்காமலே அதன் தடிப்பு தெரிந்துவிட்டது! 3 மீட்டர் அகலமும் 4 மீட்டர் நீளமும் உடைய அறையின் மூலைவிட்டம் 5 மீட்டர் இருக்க வேண்டும். ஒரு மூலைவிட்டம் கூடியும் மற்றொன்று குறைந்தும் இருந்தால் அறை சற்றே கோணியுள்ளது என்பது பொருள். அந்தக் கோணலைத் திருத்தி வரையக் கூடாது. கட்டடம் எவ்வாறு நிற்கிறதோ அவ்வாறே வரைவதுதான் பதிவின் நேர்மை.

ஏற முடியாத உயரத்தை நிழல் அளந்து தரும். ஒரு மீட்டர்க் கோலை வெயிலில் செங்குத்தாக நிறுத்தும்போது அதன் நிழல் 80 சென்டிமீட்டர் விழுகிறது. அதே வேளையில் நீர்த்தொட்டியின் நிழல், தொட்டியின் நடு அடியிலிருந்து 9.6 மீட்டர் நீள்கிறது. தொட்டியின் உயரம் 12 மீட்டர்.

ஒளிப்படம் எடுக்கும்போது அளவுகோலைப் பக்கத்தில் நிறுத்துதல் வேண்டும். எந்தத் திசையிலிருந்து, எந்த நாளில் எடுத்தது என்று குறித்தல் வேண்டும். செங்கல்லின் அளவு, சுண்ணாம்புப் பூச்சின் அடுக்குகள், இரும்பு உத்திரத்தில் வார்க்கப்பட்டுள்ள ஆலையின் பெயர் ஆகியவையும் குறிக்கத்தக்கன. உத்திரத்துப் பெயர், அந்த இரும்பு எந்த ஆலையிலிருந்து வந்தது என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

இறுதியாக, ஆள்களைக் கேட்க வேண்டும். சிலர் இதனை முதலில் செய்யச் சொல்வர், அதுவும் சரியே. முப்பது ஆண்டுகள் மோட்டார் ஓட்டியவருக்குத் தெரிந்தது வரைபடத்தில் இராது. எந்த வால்வு கோடையில் இறுகும், எந்த மூலையில் மழைநீர் கசியும், முன்பு இருந்த எந்திரம் எவ்வாறு இரைந்தது, மணி அடித்து நீர் திறந்தது எக்காலம் என்பனவற்றை அவர் ஒருவரே கூற வல்லவர். அவர் கூறுவதை அவருடைய சொற்களிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். ‘பாரைத் திருப்பி’ என்று அவர் கூறினால், அதனை ‘நெம்புகோலைச் சுழற்றி’ என்று மாற்றி எழுதுதல் தகாது. அச்சொல்லும் பதிவின் ஒரு பகுதியே.

சட்டம் இடும் வேலி

இங்கே ஒரு பெரிய தடை எழுகிறது. திருவனந்தபுரத்தில் இன்றும் இரு பெரும் படைத்தளங்கள் உள்ளன. பாங்கோட்டில் தரைப்படையின் நிலையமும், ஆக்குளத்தில் 1984இல் நிறுவப்பட்ட விமானப்படையின் தெற்குத் தலைமையகமும் இயங்குகின்றன. அவற்றுள் அயலார் நுழைந்து அளக்கவோ படம் எடுக்கவோ இயலாது. 1923ஆம் ஆண்டின் அலுவல்சார் இரகசியச் சட்டம், தடைசெய்யப்பட்ட இடங்களை நாட்டின் பாதுகாப்புக்கு ஊறு விளைக்கும் நோக்குடன் வரைவதையும் குறிப்பெடுப்பதையும் குற்றமாகக் கருதுகிறது. வரலாற்றைக் காப்பவர் செய்வதும் வரைதலே. ஒற்றர் செய்வதும் வரைதலே. வாயிற்காவலர் இருவரையும் எவ்வாறு பிரித்தறிவார்? குடிநீர் எங்கிருந்து வருகிறது, மின்சாரம் எங்கே பிறக்கிறது என்பவை பகைவருக்கும் வேண்டிய செய்திகள் என்பதை மறுக்க இயலாது. லாலியின் முற்றுகைக்கு அஞ்சிய கோட்டையினர் இதனை நன்கு அறிவர்.

அப்படியாயின் பதிவை யார் செய்வது? தளத்துக்குள் பணிபுரிவோரே செய்யக்கூடியவர். இந்தியப் படைத்தளங்களின் கட்டடம், நீர், மின்சாரம் ஆகியவற்றைப் பேணும் படைப் பொறியியல் பணித்துறையும் 1923இல்தான் உருவாயிற்று. ‘எம்.ஈ.எஸ்.’ என்று படைக்குடும்பத்துப் பிள்ளைகள் அறிந்த துறை அதுவே. பழைய பம்ப் அறையை இடித்துப் புதியது கட்டும் முன், ஒரு வாரம் ஒதுக்கி அதனை அளந்து வரைந்து, தளத்தின் ஆவண அறையிலேயே வைத்துவிடலாம். வெளியார்க்கு அதனைக் காட்டும் காலம் பின்னர் வரும். இரகசியங்களுக்கு வயது உண்டு. ஏழு கிணற்றின் வரைபடத்தை இன்று எவரும் அஞ்சி ஒளிப்பதில்லை.

எல்லாப் பழைய கட்டடங்களையும் இடிக்காமல் காக்க வேண்டும் என்று வாதிடுவதும் பொருந்தாது. விறகடுப்புக்குக் கட்டிய கூடத்தில் எரிவாயு அடுப்பை அமைத்தால் காற்றோட்டம் கெடும்; குதிரை இல்லாத படைக்கு லாயம் எதற்கு? வாழும் தளம் மாறியே தீரும். மாறும்முன் பழையதன் அளவை எழுதிவைக்க ஆகும் செலவு, ஒரு தாளும் சில நாள் உழைப்பும்.

1963

திருவனந்தபுரத்தின் கடலோரச் சிற்றூராகிய தும்பாவிலிருந்து 1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட் விண்ணில் ஏவப்பட்டது. அது படைத்தளம் அன்று, மீனவர் ஊர். மக்கள் விட்டுக்கொடுத்த புனித மேரி மகதலேன் தேவாலயம் அறிவியலாளர்களின் பணியிடமாயிற்று. ஆயர் இல்லம் அலுவலகமாயிற்று. மாட்டுத் தொழுவமும் ஆய்வுக்கூடமாயிற்று. தேவாலயம் இன்று விண்வெளி அருங்காட்சியகமாக நிற்கிறது. ராக்கெட் உறுப்பை மிதிவண்டியில் வைத்துத் தள்ளிச் செல்லும் காட்சியை ஒளிப்படம் காத்து வைத்துள்ளது. தொழுவத்தில் ஆய்வு நடந்தது என்பதைப் பலரும் வியந்து கூறுகின்றனர். அத்தொழுவத்தின் நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, கதவு எத்திசை நோக்கியது என்று கூறுவோர் அரியர்.

அதே 1963இல்தான் படைப்பிரிவுகள் நடத்திய 20 பள்ளிகளை ஏற்று மத்தியப் பள்ளிகள் என்னும் அமைப்பு தொடங்கியது. இடமாற்றம் பெறும் பெற்றோரின் பிள்ளைகளுக்காக எழுந்த பள்ளிகள் அவை. அப்பிள்ளைகளுள் ஒருத்தி மூன்று ஆண்டுகள் ஒரு குடியிருப்பில் வாழ்கிறாள். அவள் சன்னலுக்கு எதிரே ஓடு வேய்ந்த பழைய பம்ப் அறை ஒன்று நிற்கிறது. காலை ஐந்து மணிக்கு மோட்டார் உறுமும் ஓசையில் அவள் விழிக்கிறாள். பிறகு தந்தைக்கு மாற்றல் வருகிறது, பெட்டிகள் கட்டப்படுகின்றன. அடுத்து அவ்வீட்டிற்கு வருவோர், எதிரே வெறுந்தரையைக் காண்கின்றனர்.

சொல்லும் பொருளும்

பாசறை – படை தங்கும் இடம்
லாயம் – குதிரைகளைக் கட்டும் கொட்டில்
வார்ப்படச் சாலை – உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றிப் பொருள் செய்யும் இடம்
கசடு – உருக்கிய உலோகத்திலிருந்து பிரியும் கழிவு
நூல்குண்டு – சுவரின் செங்குத்தைப் பார்க்கக் கொத்தர் தொங்கவிடும் குண்டு
ஊறு – தீங்கு

பயிற்சி

1. வெடிமருந்துக் கிடங்கின் காற்றுத் துளையில் திருப்பம் அமைத்ததன் காரணத்தை விளக்குக.

2. ‘இரகசியங்களுக்கு வயது உண்டு’ என்னும் தொடரின் பொருளைப் பாடத்திலிருந்து சான்று காட்டி எழுதுக.

3. பழைய பம்ப் அறையை இடிக்கலாம் என்று ஒருவரும், கூடாது என்று மற்றொருவரும் பேசுவதாக ஓர் உரையாடல் அமைக்க.

செயல்பாடு

விடுமுறையில் சொந்த ஊருக்குச் செல்லும்போது, வீட்டுக் கிணறு, மாட்டுக் கொட்டில், வயல் மோட்டார் அறை ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்து அளந்து தரைப்படம் வரைக. படத்தில் வடதிசையையும் நாளையும் குறிக்க. அதனைக் கட்டியவர் யார், கல்லும் செங்கல்லும் எங்கிருந்து வந்தன என்று வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கேட்டு, அவர் கூறிய சொற்களிலேயே பத்து வரி எழுதுக. (படைக்குடியிருப்புகளிலும் பிற தடைசெய்யப்பட்ட இடங்களிலும் இச்செயல்பாட்டைச் செய்தல் கூடாது.)